‘விண்ட்’டும் ‘வைண்ட்’டும் ஒரே சொல்லா?

நண்பர் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், உச்சரிப்பைப் பற்றிய கேள்வி. காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘விண்ட்’ என்கிறோம். மோட்டாருக்குக் ‘காயில்’ என்னும் கம்பிச்சுருள் கட்டும் கடையின் பெயர்ப்பலகையில் அதே நான்கு எழுத்துகளோடு விகுதி சேர்த்து எழுதியிருப்பதை ‘வைண்டிங்’ என்று படிக்கிறோம். ஏன் இந்த வேறுபாடு என்று தொடங்கியிருக்கிறார். ஆனால் அவர் உண்மையில் அறிய விரும்புவது அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. காற்று சுழன்று சுழன்று வீசுவதால்தான் ‘சுற்றுதல்’ என்னும் பொருளும் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்ததா, அதாவது இவை ஒரே சொல்லின் இரு கிளைகளா என்பதே அவருடைய ஐயம். கூடவே, ‘கெட் விண்ட் ஆஃப்’, ‘செகண்ட் விண்ட்’, ‘விண்ட்ஃபால்’ முதலிய தொடர்களில் காற்று எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார். ஆங்கில மொழியின் வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். தமிழ்ச் சொற்பிறப்பு என் துறை அன்று. ஆகவே தமிழோடு ஒப்பிடும் இடங்களில் பெரும்பாலும் பொருள் ஒப்புமையோடு நின்றுகொள்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. இவை ஒரே சொல் அல்ல. வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து, ஒரே எழுத்துக்கூட்டலில் போய் முடிந்த இரண்டு சொற்கள். காற்றைக் குறிக்கும் சொல், இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. ‘வீசு’ என்று பொருள்படும் ஒரு வினையடியிலிருந்து ‘வீசிக்கொண்டிருப்பது’ என்ற கருத்தில் அமைந்தது அது. லத்தீனில் அதன் உடன்பிறப்பு ‘வெந்துஸ்’. வென்டிலேட்டர், வென்டிலேஷன் ஆகியவை அதிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் அது ‘வாத’. ‘வாயு’வும் அதே வினையடியில் பிறந்ததுதான். சமஸ்கிருத வழியாக அது தமிழுக்கும் வந்து, வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் முதலாவதாகவும், பக்கவாதம், முடக்குவாதம் என்னும் நோய்ப்பெயர்களிலும் நிலைத்துவிட்டது. பக்கவாதம் வந்தவருக்கு வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள் என்று நாம் சொல்லும்போது, நோயின் பெயரிலும் கருவியின் பெயரிலும் இருப்பது ஒரே காற்றுதான்.

சுற்றுதல், முறுக்குதல் என்று பொருள்படும் ‘வைண்ட்’ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘விந்தன்’ என்னும் வினைச்சொல். இன்றைய ஆங்கிலத்தில் அலைந்து திரிதலைக் குறிக்கும் ‘வாண்டர்’, ஒரு வழியே செல்லுதலைக் குறிக்கும் ‘வெண்ட்’ ஆகியவை அதன் உறவினர்கள். இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ‘கோ’ என்னும் வினைக்கு இறந்தகாலமாக நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்யும் ‘வெண்ட்’, ஒரு வழியே செல்லுதலைக் குறிக்கும் இந்த ‘வெண்ட்’டின் இறந்தகால வடிவமே ஆகும்; ‘கோ’வுக்குச் சொந்தமாக இருந்த பழைய இறந்தகாலம் வழக்கொழிந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு வேர்களும் வேறு என்பதை எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், கடைசி மெய்யெழுத்தைக் கொண்டுதான். காற்றைக் குறிக்கும் மூலச்சொல்லில் இருந்தது, ‘பத்து’ என்பதில் கேட்பது போன்ற வல்லோசையான ‘த்’; லத்தீன், சமஸ்கிருத வடிவங்களில் அது இன்றும் அப்படியே கேட்கிறது. சுற்றுதலைக் குறிக்கும் மூலச்சொல்லில் இருந்தது, ‘பந்து’ என்பதில் கேட்பது போன்ற, ஆனால் மூச்சொலியும் சேர்ந்த மெல்லோசைத் ‘த்’. ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த ஜெர்மானியக் கிளையில், முறையான ஒலிமாற்ற விதிகளின்படி, இந்தச் சூழலில் இரண்டுமே ஒரே ஒலியாக வந்து விழுந்துவிட்டன. தமிழில் இதற்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. பக்கவாதத்தில் உள்ள ‘வாதம்’ ஒரு சொல். வாதப் பிரதிவாதத்தில் உள்ள ‘வாதம்’ வேறொரு சொல். சமஸ்கிருதத்தில் ஒன்றுக்கு வல்லோசைத் தகரமும் மற்றொன்றுக்கு மெல்லோசைத் தகரமும் உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘த’ போதும் என்பதால் அவை இரட்டையராகிவிட்டன. வாதம் செய்கிறவர் வெறும் காற்றைத்தான் விடுகிறார் என்று யாராவது சொற்பிறப்பு விளக்கம் கொடுத்தால் சிரிப்பதற்கு நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. காற்று சுழல்வதால் ‘வைண்ட்’ என்ற விளக்கமும் அதே வகை.

ஆயினும், கேள்வி கேட்ட நண்பரின் ஊகத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சில நூற்றாண்டுகளுக்கு ஆங்கிலேயர்களே இவ்விரு சொற்களையும் ஒரேமாதிரிதான் உச்சரித்தார்கள். பழைய ஆங்கிலத்தின் பிற்காலத்தில், ‘ண்ட்’ என்னும் ஒலிக்கூட்டுக்கு முன் நின்ற குறில்கள் நெடிலாயின. அப்படி நெடிலான ‘ஈ’ ஒலி, 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கில நெடில்கள் அனைத்தும் இடம்பெயர்ந்த பெருமாற்றத்தில் ‘ஐ’ ஆயிற்று. ஃபைண்ட், மைண்ட், கைண்ட், ப்ளைண்ட், பைண்ட் ஆகிய எல்லாச் சொற்களும் இந்த வழியில் வந்தவைதாம். காற்றைக் குறிக்கும் சொல்லும் அவற்றோடு சேர்ந்து நடந்து ‘வைண்ட்’ ஆகவே ஒலித்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகப் பாடலில் குளிர்காலக் காற்றும் ‘அன்கைண்ட்’ என்ற சொல்லும் இயைபுத் தொடையாக வருவது இதனால்தான். 1819-இல் ஷெல்லி மேல்காற்றை விளித்து எழுதிய கவிதையின் முடிவில் அது ‘பிஹைண்ட்’டோடு இயைகிறது, ஆனால் அதற்குள் பேச்சில் குறில் வடிவம் வேரூன்றிவிட்டதால், ஷெல்லியின் இயைபு பெரும்பாலும் கவிமரபு தந்த சலுகை என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் வரலாற்றுப்படி விளக்கம் கேட்க வேண்டியது காயில் கட்டும் கடையின் ‘வைண்டிங்’குக்கு அன்று, காற்றின் ‘விண்ட்’டுக்குத்தான். மற்ற சொற்களெல்லாம் நெடிலாகி ‘ஐ’ ஆனபோது இது மட்டும் ஏன் குறிலுக்குத் திரும்பியது? 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் திருப்பம் நடந்தது என்பது உறுதி. ஜான் வாக்கர் 1791-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் இதைப் பற்றி நீண்ட குறிப்பே எழுதியிருக்கிறார். குறில் உச்சரிப்பை வெறுத்த ஜானதன் ஸ்விஃப்ட், அப்படிச் சொல்பவர்களைக் கேலி செய்ய ‘மைண்ட்’, ‘ஃபைண்ட்’ ஆகியவற்றையும் வேண்டுமென்றே ‘மிண்ட்’, ‘ஃபிண்ட்’ என்று குறிலாக்கிப் பேசிக் காட்டுவாராம் என்று வாக்கர் பதிவு செய்கிறார். ஸ்விஃப்டின் கேலி எடுபடவில்லை என்பது இன்றைய வழக்கிலிருந்து தெரிகிறது.

காரணத்தைப் பற்றி அறிஞர்கள் பொதுவாகத் தருவது ஊகமே. ‘விண்ட்மில்’ போன்ற கூட்டுச்சொற்களில் மூன்று மெய்கள் அடுத்தடுத்து வருவதால் அங்கே நெடில் தோன்ற இடமில்லை. ‘சைல்ட்’ என்பது நெடில்வழி வந்திருக்க, ‘சில்ட்ரன்’ குறிலாகவே நின்றதும் இதே விதியால்தான். காற்றாலைகள் எங்கும் சுழன்ற அந்தக் காலத்தில், கூட்டுச்சொல்லின் குறில் தனிச்சொல்லுக்கும் பரவியிருக்கலாம் என்பது அந்த விளக்கம். எனக்கு இது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. ஆனால் ‘மைண்ட்’, ‘கைண்ட்’ ஆகியவையும் ‘மைண்ட்ஃபுல்’, ‘கைண்ட்னெஸ்’ என்று பெருகி வழங்கியும் குறிலுக்குத் திரும்பவில்லையே என்ற எதிர்க்கேள்விக்கு இதில் முழுமையான விடை கிடையாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை விடாமல் சேர்ப்பது என் வழக்கம்.

ஒரேமாதிரி ஒலித்த காலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தொடாமல் இருந்துவிடவுமில்லை. வேட்டைக்காரர்கள் கொம்பு ஊதுவதைக் குறிக்கும் வினை, காற்று என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. கொம்புக்குள் காற்றைச் செலுத்துவது என்பதே அதன் பொருள். ஆனால் மக்கள் அதைச் சுற்றுதல் என்ற வினையோடு குழப்பிக்கொண்டு, ‘வைண்ட்’ என்று உச்சரித்ததோடு, இறந்தகாலத்தையும் அந்த வினைக்குரிய ‘வௌண்ட்’ என்றே ஆக்கிவிட்டார்கள். வால்டர் ஸ்காட்டின் கதைக்கவிதைகளில் வீரர்கள் கொம்பை ஊதும் இடங்களில் இந்த வடிவத்தைக் காணலாம். கொம்பு வளைந்திருப்பதால் இந்தப் பெயர் என்று விளக்குவோரும் உண்டு, அது பிழை. எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நங்கூரத்தையோ பாரத்தையோ கயிறு சுற்றித் தூக்கும் உருளைப்பொறிக்கு ‘விண்ட்லஸ்’ என்று பெயர். குறிலாக ஒலித்தாலும் அது காற்றின் வழிவந்தது அன்று. சுற்றும் கட்டை என்று பொருள்படும், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே உச்சரிப்பை மட்டும் வைத்து உறவு கண்டுபிடிக்க முயல்வதும் ஆபத்தே.

காற்று மறைந்து உட்கார்ந்திருக்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று ‘விண்டோ’. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் நார்ஸ் மொழியில் அது ‘விந்த்-அவுகா’, அதாவது காற்றுக்கண். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இருந்த சொல்லோ ‘கண்துளை’ என்று பொருள்படுவது. அதை இந்தப் புதுச்சொல் ஓரங்கட்டிவிட்டது. கண்ணாடி இல்லாத காலத்தில் அது காற்றும் வெளிச்சமும் புகையும் வந்துபோகும் வெறும் திறப்பு என்பதை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ‘காலதர்’ நினைவுக்கு வராமல் இராது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது. மானின் கண்போல் அமைந்த காற்றுவழி. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், ஒரே திறப்பைப் பார்த்து, காற்றையும் கண்ணையும் சேர்த்தே நினைத்திருக்கின்றன. நாம் இன்று சொல்லும் ‘ஜன்னல்’ போர்த்துகீசியத்திலிருந்து வந்தது; அதில் காற்றும் இல்லை, கண்ணும் இல்லை, வாசல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் குறுகிய வடிவம்தான் இருக்கிறது.

மற்றொன்று ‘வின்னோ’, களத்தில் நெல்லைத் தூற்றுதல். பழைய ஆங்கிலத்தில் காற்று என்ற பெயரிலிருந்தே அமைந்த வினை அது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும் நம் பழமொழியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் எல்லோரும் வெயிலில் வைக்கோல் உலர்த்தும் பழமொழியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் தூற்றுதல் என்ற அவர்களுடைய சொல்லுக்குள்ளேயே காற்று இருக்கிறது. வானிலையைக் குறிக்கும் ‘வெதர்’ என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சிறகைக் குறிக்கும் ‘விங்’ என்பதையும் சிலர் இதில் சேர்ப்பார்கள். அதைச் சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இனித் தொடர்களுக்கு வருகிறேன். வெளியில் வீசும் காற்று என்ற பொருளோடு, உடலுக்குள் இருக்கும் காற்று என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு நெடுங்காலமாக உண்டு. மூச்சுக்குழலுக்கு ‘விண்ட்பைப்’ என்று பெயர். ஓடுகிறவருக்கு முதலில் இளைத்து, சற்று நேரத்தில் மூச்சு சீராகி, தொடர்ந்து ஓடும் தெம்பு வருவதே ‘செகண்ட் விண்ட்’; அதிலிருந்து எந்த வேலையிலும் களைத்தபின் வரும் புதுத்தெம்புக்கு அது பெயராயிற்று. வயிற்றில் அடிபட்டு மூச்சு திணறி நிற்பவரை ‘விண்டட்’ என்பார்கள். பிரிட்டனில் வயிற்றுப் பொருமலுக்கும் இதே சொல்தான், நாம் ‘வாயு’ என்று சொல்வதைப் போல. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவதையும் இதே சொல்லை வினையாக்கிச் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் வயிற்றுக்கு ‘கேஸ்’ என்றும் குழந்தைக்கு ‘பர்ப்’ என்றும் சொல்வதால், பிரிட்டிஷ் குழந்தை வளர்ப்பு நூலை அமெரிக்கர் படிக்கும்போது குழந்தையை எதற்குச் சுற்ற வேண்டும் என்று ஒரு கணம் திகைக்க நேரிடலாம். இசைக்கருவிகளில் ‘விண்ட் இன்ஸ்ட்ருமெண்ட்’ என்பது நம் துளைக்கருவி. ஆங்கிலப் பெயர் உள்ளே போகும் காற்றைப் பார்க்கிறது. தமிழ்ப்பெயர் அது போகும் துளையைப் பார்க்கிறது.

‘கெட் விண்ட் ஆஃப்’ என்னும் தொடர் வேட்டையிலிருந்து வந்தது. காற்று வீசும் திசையில் வேட்டைக்காரனின் வாடை போனால் மான் அதை மோந்து ஓடிவிடும். நாய் அதே காற்றில் மானை மோப்பம் பிடிக்கும். ஆகவே அந்தத் தொடருக்கு, பிறர் மறைத்து வைத்த செய்தியின் வாடை ஒருவருக்கு எட்டிவிட்டது என்று பொருள். நம் ‘காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன்’ என்பதை இதற்கு நேராக வைத்து மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன், ஓரளவே பொருந்தும். காற்றுவாக்கில் வரும் செய்தியை யாரும் மறைத்திருக்க வேண்டியதில்லை, கேட்டவர் அதை நாடியிருக்க வேண்டியதுமில்லை. ‘மோப்பம் பிடித்துவிட்டார்கள்’, ‘வாடை தெரிந்துவிட்டது’ என்பவை இன்னும் நெருக்கமானவை. ‘கெட் த விண்ட் அப்’ என்பது முற்றிலும் வேறு. அது அச்சம் கொள்ளுதல், முதல் உலகப் போர்க்காலப் படைவீரர்களின் பேச்சில் பரவிய வழக்கு.

கடலிலிருந்து வந்த தொடர்கள் ஏராளம். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். குடித்துத் தள்ளாடுபவரைக் குறிக்கும் தொடரில் மூன்று ‘ஷீட்’ காற்றில் ஆடுவதாக வரும். அந்த ‘ஷீட்’ பாய் அன்று. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. கயிறுகள் கைவிட்டுப் போனால் பாய் படபடத்து, படகு தள்ளாடும். தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது ‘மூன்று விரிப்புகள்’ ஆவதைக் கண்டிருக்கிறேன். ‘விண்ட்ஃபால்’ நிலத்தைச் சேர்ந்தது: காற்று உதிர்த்துவிட்ட பழம், அல்லது சாய்த்துவிட்ட மரம். பிரபுவின் காட்டில் மரம் வெட்ட உரிமையில்லாத குடியானவர்கள் காற்றில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற சட்டத்திலிருந்து இது பிறந்ததாக ஒரு கதை உலவுகிறது. உழைக்காமல் கிடைத்த பேறு என்னும் பொருளுக்கு உதிர்ந்த பழமே போதும், அந்தச் சட்டம் தேவையில்லை. இந்தியாவில் 2022 ஜூலையில் கச்சா எண்ணெய் உற்பத்தியின் மீது விதித்து 2024 டிசம்பரில் நீக்கிய கூடுதல் வரியை ‘விண்ட்ஃபால் வரி’ என்று செய்திகள் சொன்னதும் இந்தப் பொருளில்தான். உலகச் சந்தையில் விலை ஏறியதால் நிறுவனங்களின் மடியில் தானாக வந்து விழுந்த லாபம் என்பது கருத்து.

தமிழர்கள் இந்தச் சொல்லைக் கையாளும்போது தடுக்கும் இடங்கள் இரண்டு. தமிழில் ‘காற்று’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் அசையாமல் சூழ்ந்திருப்பது ‘ஏர்’, இயற்கையாக நகர்வதே ‘விண்ட்’. டயரில் அடைப்பதும் மாசுபடுவதும் ‘ஏர்’. காற்றாலையைச் சுழற்றுவது ‘விண்ட்’. மின்விசிறியிலிருந்து வருவதை ‘விண்ட்’ என்று சொன்னால் ஆங்கிலேயருக்கு வேடிக்கையாக இருக்கும். ‘பிரீஸ்’ என்பதைத் தென்றல் என்று மட்டும் நினைத்துக்கொள்வதும் சரியன்று. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் 1805-இல் தொடங்கிய காற்று அளவுகோலின் இன்றைய வடிவத்தில் 2 முதல் 6 வரையுள்ள எண்கள் எல்லாம் ‘பிரீஸ்’ வகைதான், ஆறாம் எண்ணில் குடையைப் பிடித்து நடப்பதே பெரும்பாடு. அடுத்தது திசை. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையின் பெயர்தான்; ‘வெஸ்டர்லி விண்ட்’ மேற்கிலிருந்து வருகிறது. இதை ‘மேற்கு நோக்கி வீசும் காற்று’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழ் மரபும் இதுவே: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடல் நீரோட்டங்களுக்கு மட்டும் ஆங்கிலத்தில் அவை போய்ச் சேரும் திசையைச் சொல்கிறார்கள் என்பதால் குழப்பம் கூடுகிறது.

கடைசியாக, படிக்கும்போது எதை எப்படி உச்சரிப்பது என்ற நடைமுறைக் கேள்வி. பெயர்ச்சொல்லாக வந்தால் அநேகமாக எப்போதும் ‘விண்ட்’ என்று படிக்கலாம். வினையாக வந்து கயிறு, கம்பி, கடிகாரம், பாதை, ஆறு ஆகியவற்றோடு தொடர்புபட்டால் ‘வைண்ட்’. மலைப்பாதை ‘வைண்டிங் ரோடு’, நிறுவனத்தைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் சட்ட நடவடிக்கை ‘வைண்டிங் அப்’. மூச்சு, ஏப்பம், மோப்பம் ஆகிய பொருள்களில் வினையாக வந்தால் மீண்டும் ‘விண்ட்’. இறந்தகாலம் இருந்தால் வேலை எளிது, ஏனெனில் காற்றின் வினைக்கு ‘விண்டட்’ என்றும் சுற்றுதலுக்கு ‘வௌண்ட்’ என்றும் வெவ்வேறு எழுத்துகளே உண்டு. அந்த ‘வௌண்ட்’டை எழுதும் எழுத்துகளிலேயே காயம் என்று பொருள்படும் ‘வூண்ட்’ ஒன்றும் இருக்கிறது. அது மூன்றாவது வேர், இவ்விரண்டோடும் அதற்கு உறவில்லை.